சொட்டுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்: பழைய வேனின் கூரை ஒழுகினால்

பெரணமல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் ஒரு வேன் வருடம் முழுக்க ஒரே வேலையைச் செய்வதில்லை. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டாரை ஏற்றும். ஆடியில் படவேட்டுக்குப் போகும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களோடு சபரிமலைக்குக் கிளம்பும். இடைப்பட்ட நாட்களில் பட்டுச் சேலைக் கட்டுகளோடு ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய்வரும். மலைப் பயணத்தின்போது அதை வீடு என்றே சொல்லிவிடலாம். பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டிருப்பார்கள். கூரைமேல் கேரியரில் அடுப்பும் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏறியிருக்கும். ராத்திரி ஏழெட்டுப் பேர் உள்ளேயே படுப்பார்கள். வெளிநாடுகளில் ‘கேம்பர் வேன்’ என்று தனியாகச் செய்து விற்பதை நம் பக்கத்து டிங்கர் பட்டறைகள் பெயர் வைக்காமலே செய்து கொடுத்து வருகின்றன. இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வேன் வைத்திருப்பவர்கள் ஐப்பசியில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கூரை ஒழுகுகிறது, என்ன பூசலாம்?

என்ன பூசுவது என்பது கடைசிக் கேள்வி. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் பூசிய பசையெல்லாம், பிறகு சரியான வேலை செய்ய வருகிறவருக்குச் சுரண்டி எடுக்கும் வேலையாகத்தான் மிஞ்சும்.

முதலில் உங்கள் வேனின் கூரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. அதற்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டங்கள். சட்டங்களுக்குக் கீழே ஹார்டுபோர்டு அல்லது மெல்லிய பிளைவுட். அதன்மேல் ஒட்டிய ஃபோமும் ரெக்சினும்தான் நீங்கள் உள்ளிருந்து பார்க்கும் ‘டாப் லைனிங்’ (உட்கூரை உறை). மேல்தகட்டில் ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. குறுக்குச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு ஓரத்துக்கு ஓடும், அல்லது லைனிங்கின் முதுகில் பரவித் தாழ்வான இடம் தேடிப்போகும், அங்கே ஒரு ஸ்க்ரூ துளை கிடைத்தால் சொட்டும். டிரைவர் தலையில் சொட்டினால் ஓட்டை மூன்றாவது சீட்டுக்கு மேலே இருக்கலாம். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே வெளியில் பசை பூசிவிட்டு, அடுத்த மழையிலும் சொட்டுகிறதே என்று தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

பழைய கூரை ஏன் ஒழுக ஆரம்பிக்கிறது? ஓடும்போது வண்டி முறுக்கிக்கொள்கிறது. தகடும் சட்டமும் ஒன்றையொன்று உரசுகின்றன. அதைவிடப் பெரிய காரணம் வெயில். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் ஐந்து மீட்டர் கூரை, சித்திரை மதியத்தில் 65 டிகிரியைத் தொட்டால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். சாயங்காலம் திடீர் மழை அடித்தால் சில நிமிடங்களில் சுருங்கும். கம்பெனியில் வைத்த சீலன்ட் (இணைப்பு அடைக்கும் பசை) புதிதாக இருந்தவரை இந்த இழுபறிக்கு வளைந்துகொடுத்தது. வருடங்கள் போனால் அது காய்ந்து, கெட்டியாகி, மயிரிழை வெடிப்பு விடும். அவ்வளவு போதும். நூலளவு இடுக்கில் தண்ணீர் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நுண்துளை ஈர்ப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான்.

ஃபைபர் டாப் (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த கூரை) போட்ட வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபைபர் இரும்பைவிட அதிகம் விரியும். இரண்டும் சேரும் விளிம்பு வருடம் முழுக்க இழுபடுவதால் அங்கேதான் முதலில் விட்டுப்போகும்.

உங்கள் வேன் ஒழுகுகிறதா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏ.சி. வேன் என்றால், மழையே இல்லாத நாளில் ஏ.சி.யை ஓட விட்டுப் பாருங்கள். அப்போதும் சொட்டினால் கூரைமேல் தப்பில்லை. குளிர்ச்சிச் சுருளில் படியும் தண்ணீரை வெளியே விடும் குழாயில் தூசி அடைத்திருக்கிறது. அதை ஊதிச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இதற்குப் போய்க் கூரை முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் அடித்த வண்டிகள் உண்டு. அதேபோல ஏற்காட்டிலோ ஊட்டியிலோ கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எட்டுப் பேர் உள்ளே தூங்கினால், விடியும்போது தகட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரமே ஒரு டம்ளருக்குக் குறையாது. இரண்டு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தால் அந்த ‘ஒழுகல்’ நின்றுவிடும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் துப்பு கொடுக்கும். ஓடும்போது மட்டும் ஒழுகி, நின்றால் நின்றுவிடுகிறதா? முன்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்: முன்கண்ணாடியின் மேல் ரப்பர், கூரையின் முன்விளிம்பு, நெற்றியில் மாட்டிய பெயர்ப் பலகையின் ஸ்க்ரூக்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் தண்ணீரை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றிவிடக்கூடியது. நிற்கும்போது தாண்ட முடியாத ரப்பர் உதட்டை ஓடும்போது தாண்டிவிடும். மாறாக, நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் ஒழுகினால் கூரையில் எங்கோ தண்ணீர் தேங்குகிறது. பாரம் ஏற்றி ஏற்றிக் கேரியர் கால்களுக்கு நடுவே தகடு பள்ளம் விழுந்திருக்கும். மழை விட்டதும் ஏணியில் ஏறிப் பார்த்தால் குட்டை தெரியும்.

அரை மணி நேர மழையில் ஒழுகாமல், விடிய விடியப் பெய்தால்தான் ஒழுகுகிறது என்றால் ஓட்டை மிகச் சிறியது. லைனிங்கின் முதுகில் தண்ணீர் சேர்ந்து வழிய நேரம் பிடிக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், டிசம்பர் முதல் நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தைப் பிழிந்தெடுத்ததே, அது மாதிரியான மழையில் ‘நம் வண்டி நல்ல வண்டி’ என்று நினைத்திருந்தவர்களுக்கும் சீட்டு நனையும். புதிதாக ஓட்டை விழுந்துவிட்டது என்று பதறவேண்டாம். பெரும்பாலும் அது முன்பே இருந்ததுதான்.

உட்புற அடையாளங்கள் மழையைவிட உண்மை பேசும். டீக்கறை போன்ற வளையம் லைனிங்கில் இருந்தால், வளையத்துக்குள் வளையமாக எத்தனை முறை நனைந்து காய்ந்தது என்று தெரியும். ஸ்க்ரூ தலைகளில் செந்துரு, ரெக்சின் தொங்கல், காலை கதவைத் திறந்ததும் அடிக்கும் பூஞ்சை வாடை, உள்விளக்கின் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர். கடைசியாகச் சொன்னது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்த விளக்கின் ஃப்யூஸை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இனித் தேடல். இதற்கு வெயில் அடிக்கும் ஒரு முழு நாளும், இரண்டு பேரும் வேண்டும். சந்தேகப்படும் பகுதியில் லைனிங்கைக் கழற்றுங்கள். ஓரத்து அலுமினிய பீடிங்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பலகை தனியாக வந்துவிடும். கழற்றிய வரிசையில் சாக்பீஸால் எண் போட்டு வைக்கவும். தகட்டின் உட்புறம் நன்றாகக் காய்ந்ததும், இணைப்புகள் ஓரமாக முகப் பவுடரைத் தூவிவிடுங்கள். ஈரம் பட்டால் பவுடரில் கோடு விழும். கோடு தொடங்கும் இடத்துக்கு அருகில்தான் ஓட்டை.

வெளியே நிற்பவர் சாதாரண ஓஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். முதலில் முன்கண்ணாடி ரப்பர், பிறகு மழைநீர்ப் பள்ளம் (கூரையின் இரு ஓரமும் ஓடும் வளைந்த தகட்டு வாய்க்கால்), பிறகு மேல்விளக்குகள், பிறகு கேரியரின் கால்கள், கடைசியில் கூரை ஜன்னல் இருந்தால் அது. ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே சமயத்தில் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமாகப் பீய்ச்சிப் பார்ப்பதும் வேண்டாம். மழை நுழையாத இடத்திலெல்லாம் அது நுழையும், நல்ல ரப்பரையும் கிளப்பிவிடும். உள்ளே டார்ச்சோடு இருப்பவர் முதல் கோட்டைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தச் சொல்லி, வெளியே அந்த இடத்தில் குறி போடவேண்டும். ஓர் ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பழைய வண்டியில் ஒன்று மட்டும் இருப்பது அபூர்வம்.

ஓர் எச்சரிக்கை: மேலே மின்கம்பி போகும் இடத்தில் வண்டியை நிறுத்திக் கூரைமேல் ஏறவோ தண்ணீர் பீய்ச்சவோ கூடாது. கூரைத் தகட்டின்மேல் நேராக நிற்காமல், சட்டங்களின் மேல் பலகை போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள்.

தேடினால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்பீர்கள். ஒன்று மழைநீர்ப் பள்ளத்தின் அடி. மற்றொன்று மனிதர்கள் போட்ட துளைகள். இரண்டாவதுதான் நம் ஊர் வேன்களின் தனிச் சொத்து. கேரியருக்கு எட்டு போல்ட். பெயர்ப் பலகைக்கு நாலு ஸ்க்ரூ. பக்திப் பாட்டுக்கு ஸ்பீக்கர் மாட்ட இரண்டு, சீரியல் லைட்டுக்கு வயர் போக ஒன்று, கொடிக்கம்பு சொருக ஒன்று. ஸ்பீக்கரைக் கழற்றி மூன்று வருடம் ஆகியிருக்கும், துளை மட்டும் பெயின்டுக்குக் கீழே அப்படியே இருக்கும். கழற்றிய எதன் துளையையும் அன்றே அடைத்துவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது.

கேரியர் காலை எப்படிச் சரிசெய்வது என்று விரிவாகச் சொல்கிறேன். மற்றத் துளைகளுக்கும் இதே முறைதான். போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பழைய பசை, தார், பட்டி எல்லாவற்றையும் சுரண்டி, ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை எமரித் தாளால் தேயுங்கள். துளையின் விளிம்பை மறக்கக்கூடாது. துரு அங்கிருந்துதான் கிளம்பும். இரும்பு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிடவேண்டும். மழை மாதத்து ஈரக்காற்றில் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி துரு பூத்துவிடும். குழிகளில் கொஞ்சம் துரு தங்கியிருந்தால் ரஸ்ட் கன்வெர்ட்டர் (பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி) தடவி, அது கறுத்துக் காய்ந்த பிறகு பிரைமர் அடிக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிரைமர் காய்ந்ததும், காலுக்குக் கீழே பியூட்டைல் டேப்பை (காய்ந்துபோகாத, பிசின்போல் ஒட்டும் ரப்பர் பட்டை) துளையைச் சுற்றி வளையமாக வையுங்கள். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உட்புறத்தில் வெறும் வாஷர் போதாது. மூன்று விரல் அகலத் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் நட்டைப் பூட்டினால், பாரம் ஒரே புள்ளியில் இழுக்காது, கூரையும் பள்ளம் விழாது. நட்டை இறுக்கும்போது பியூட்டைல் சுற்றிலும் லேசாகப் பிதுங்கி வரும். அங்கே நிறுத்துங்கள். அரக்கி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளும், பழைய கதைதான். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை அரைச் சுற்று இறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுத்துவிடலாம்.

மழைநீர்ப் பள்ளத்துக்குப் பியூட்டைல் வேண்டாம், பி.யூ. சீலன்ட் (கார் கண்ணாடி ஒட்டப் பயன்படும், காய்ந்த பின்னும் ரப்பர்போல் நெகிழும் பசை) வேண்டும். பழையதை மரக்குச்சியாலும் பிரஷ்ஷாலும் முழுசாக எடுத்த பிறகு, துருவுக்குச் சொன்ன அதே பக்குவம். காலை வேளையில், தகடு கையில் சுடாத நேரத்தில் போடுங்கள். சுடும் தகட்டில் போட்டால் மேல்தோல் உடனே இறுகி உள்ளே குமிழி விடும். பி.யூ. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். பட்டறையில் போட்ட அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு சபரிமலைக்குக் கிளம்பாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் பெயின்ட் அடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் சுண்ணாம்புபோல் உதிரும். பள்ளத்தில் தண்ணீர் வெளியேறும் வாயை மட்டும் சீலன்ட் போட்டு அடைத்துவிடாதீர்கள். அது நடக்கிற தப்புதான்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கும்போது தகடு ‘டங்’ என்று ஒலிக்காமல் அமுங்கினால் அங்கே துரு முழுசாகத் தின்றுவிட்டது. அதற்குப் பசை மருந்தில்லை. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய டிங்கரிடம் போகவேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, அந்தப் பக்கத்து ஃபோமையும் ரெக்சினையும் முழுசாக அகற்றியிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். ஃபோம் தீப்பிடித்தால் நிமிடங்களில் வேன் போய்விடும். ஃபைபர் கூரைக்கு வெல்டிங் கிடையாது. கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்துப் பூசும் ஆள் தனி. அந்த ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒன்று கிடைக்கிறது. தார் ஊற்றினால் கோடையில் இளகி வழியும், குளிரில் வெடிக்கும். பைப்புக்குப் போடும் கெட்டிப் பட்டி கல்லாக இறுகுகிறது, கூரையோ அசைகிறது, ஒரு மாதத்தில் விளிம்பு விட்டுக்கொள்ளும், அந்த விளிம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். குளியலறைச் சிலிக்கானில் வினிகர் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் அதில் கிளம்பும் அமிலம் இரும்பை அரிக்கும். மேலும் சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. தார்ப்பாய் கட்டுவது ஓரிரு நாளுக்குச் சரி. அப்படியே ஓட்டினால் காற்றில் படபடத்துப் பெயின்டைத் தேய்த்து எடுத்துவிடும்.

வழியில் மழை பிடித்துக்கொண்டு ஒழுகினால்? லைனிங் பை மாதிரி தொங்குகிறது என்றால் அதன் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். தண்ணீர் நீங்கள் சொன்ன இடத்தில் விழும், ஒயர் பக்கம் போகாது. மழை விட்டு, இடம் துடைத்துக் காய்ந்த பிறகு, அலுமினியத் தாள் முதுகுள்ள ஒட்டுப் பட்டையை வெளியில் ஒட்டினால் ஊர் வந்து சேரலாம். மழையில் நனைந்துகொண்டே கூரைமேல் ஏறாதீர்கள்.

பட்டு ஏற்றிய வண்டி என்றால் முதலில் சரக்கைக் கவனியுங்கள். நனைந்த சேலையை மடிப்போடு விட்டால் சாயம் ஒரு மடிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும். சரிகையில் வெள்ளி இருப்பதால் ஈரத்தில் கறுக்கும். உடனே பிரித்து, நடுவில் வெள்ளைத் துணி விரித்து, நிழலில் காற்றாடக் காயவையுங்கள். வெயிலில் போடவேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். இனிச் சரக்கு ஏற்றும்போது சேலைக் கட்டுகளைத் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல், கெட்டியான பாலித்தீன் பைக்குள் வையுங்கள். கூரை சரியான பிறகும் இதை விடவேண்டாம்.

கூரையை அடைத்ததும் லைனிங்கை உடனே மூடிவிடாதீர்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்; அடியில் உள்ள பிளைவுட் கறுத்து, விரலால் அமுக்கினால் உதிர்கிறது என்றால் மாற்றியே ஆகவேண்டும், சீட் போல்ட்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. கதவுகளைத் திறந்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். பூஞ்சை பிடித்த ஃபோமைக் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். அதைப் பிய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளவும். பிறகு ஓஸ் பைப் சோதனையை முதலிலிருந்து ஒருமுறை செய்து, ஓர் உண்மையான மழையையும் பார்த்துவிட்டு லைனிங்கை மாட்டலாம்.

ஒழுகலைப் பார்க்கும் சாக்கில் கூரையை வெட்டிக் காற்று ஜன்னல் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். பழைய கூரையில் புதிதாக ஒரு பெரிய துளை போடுவது எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு நல்ல நேரம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைத் தயார் செய்யும் நேரம். எட்டு வருடம் தாண்டிய வாடகை வேன்களுக்கு அது வருடாவருடம் வருகிறது. எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் அவசரத்தில் துருவின் மேலேயே பட்டி இழுத்துப் பெயின்ட் அடித்துவிடும் பழக்கமும் அப்போதுதான் நடக்கிறது. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் கொப்புளம் போடும். எனவே பட்டறையில் ஒரு விஷயத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள்: சுரண்டி முடித்து இரும்பு தெரியும்போது உங்களைக் கூப்பிடவேண்டும், நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் பிரைமர். வர முடியாவிட்டால் செல்போனில் படம் அனுப்பச் சொல்லுங்கள், கேரியர் கால் ஒவ்வொன்றையும், இரண்டு பக்கத்து மழைநீர்ப் பள்ளத்தையும். கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். அந்தக் கூலி சுரண்டுவதற்கானது.